பழைய பீரோ, கட்டில், நாற்காலிக்கு ஸ்ப்ரே பெயிண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் பக்கம் பெயிண்ட் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். சுவருக்கு வாங்க வருபவர்கள் கலரைக் காட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரும்புச் சாமானுக்கு வருபவர்கள்தான் நின்று கேட்பார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நாலாவது கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப்போக வேண்டாம். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

1. வீட்டுலயே ஸ்ப்ரே அடிச்சா பீரோ புதுசு மாதிரி வருமா?

பார்வைக்கு வரும். கம்பெனியில் அந்தத் தகட்டை ரசாயனத் தொட்டியில் கழுவி, பெயிண்டை அடுப்பில் வைத்துச் சுட்டிருப்பார்கள். அந்தக் கடினம் வீட்டில் வராது. வழவழப்பும் பளபளப்பும் தாராளமாக வரும்.

ஆனால் ஒன்று, ஸ்ப்ரே அடிப்பது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். தேய்ப்பது, துடைப்பது, டேப் ஒட்டி மூடுவது, காயவிடுவது, மறுபடி தேய்ப்பது என்றுதான் நாள் போகும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், தப்பே இல்லை.

2. பிரஷ்லயே அடிச்சா என்ன? எதுக்கு ஸ்ப்ரே?

சாமானைப் பொறுத்தது. பீரோ கதவு, மேசையின் மேல்தகடு, டிரங்குப் பெட்டி போன்ற அகலமான பரப்பில் பிரஷ் கோடு வெளிச்சத்தில் அப்படியே தெரியும். அங்கே ஸ்ப்ரே அழகு. இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பி, ஜன்னல் கிரில் இதற்கெல்லாம் ஸ்ப்ரே வீண். அடிக்கும் பெயிண்டில் பெரும்பகுதி கம்பிகளின் இடைவெளி வழியாகக் காற்றோடு போய்விடும். ஒன்றரை அங்குல பிரஷ் போதும்.

பீரோவின் உள் தட்டுகளுக்கும் நான் பிரஷ்ஷையே சொல்வேன். மூடிய பெட்டிக்குள் அடித்தால் காற்று முட்டித் திரும்பி, பெயிண்ட் தூளாகப் படிந்து சொரசொரப்பாகும். முகமும் நனையும்.

3. கையில பிடிக்கிற கரண்ட் கன் போதுமா, கம்ப்ரசர் வாங்கணுமா?

ஒரு பீரோவும் நாலு நாற்காலியும்தான் என்றால் கையில் பிடிக்கும் மின்சார கன் போதும். உள்ளேயே சின்ன ஊதுகுழல் மோட்டார் இருக்கும். காற்று நிறைய வரும், அழுத்தம் குறைவு. அதனால் புகையாகப் பறந்து வீணாவது குறைவு. குறை என்னவென்றால் துளி கொஞ்சம் பெரிதாக விழும். கண்ணாடிபோன்ற ஃபினிஷிங் எதிர்பார்க்க முடியாது. இனாமலுக்கு 1.8 மி.மீ. அளவு நாசில் போட்டுப் பாருங்கள்.

இந்த கன்னில் என்.சி. பெயிண்ட் (நைட்ரோசெல்லுலோஸ், சீக்கிரம் காயும் வகை) ஊற்றாதீர்கள். என்.சி. தின்னரின் ஆவி நம் ஊர்ச் சாதாரண வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. பொறி பறக்கும் மோட்டாரும் அந்த ஆவியும் ஒரே கையில் இருப்பது ஆபத்து. கன்னோடு வரும் தாளிலும் தடை எழுதியிருக்கும். படிக்காமல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் 1.3 அல்லது 1.4 நாசிலில், கப் மேலே இருக்கும் கன் வாங்கலாம். சாதாரண கன்னுக்கு 30 முதல் 45 பி.எஸ்.ஐ. வரை சரியாக இருக்கும். கார் டயருக்குக் காற்றடிக்கும் குட்டிப் பம்பை மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அழுத்தம் காட்டும், ஆனால் காற்றின் அளவு போதாது. இரண்டு வீச்சு அடித்ததும் துப்ப ஆரம்பிக்கும்.

4. பழைய பெயிண்டை முழுசா சுரண்டி எடுக்கணுமா? அது மேலயே அடிச்சிடலாமா?

கெட்டியாகப் பிடித்திருந்தால் எடுக்க வேண்டாம். ஆனால் அது என்ன பெயிண்ட் என்று தெரிந்தாக வேண்டும். பீரோவின் பின்பக்கம், கீழ் மூலையில் ஒரு வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து துணியில் தாராளமாக ஏறினால் பழையது என்.சி. வகை. கரையாமல் உப்பிச் சுருங்கினால் சாதாரண இனாமல். ஒன்றுமே ஆகவில்லை, லேசாகப் பளபளப்பு மட்டும் போனது என்றால் சுட்ட இனாமல், பவுடர் கோட்டிங் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்). இந்தச் சோதனையைச் செய்யாமல் அடித்தவர்கள்தான் 12-வது கேள்வியோடு திரும்பி வருகிறார்கள்.

அடுத்து, பிடிப்புச் சோதனை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியை இரும்பு வரை எடுக்க வேண்டும். வராவிட்டால் 220 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு முழுதும் சாகும் வரை தேய்த்தால் போதும். எங்காவது பளபளப்பு மிச்சம் இருந்தால், பின்னாளில் அங்கேதான் உரியும்.

தேய்ப்பதைத் தண்ணீர் தொட்டே தேய்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஈயம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சாமான்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தூள் பறக்க கிரைண்டர் போடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தேய்த்த சேற்றைப் பழைய செய்தித்தாளில் வழித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

5. துரு மேலயே அடிக்கிற பெயிண்ட்னு விக்கறாங்களே, நிஜமா?

பாதி நிஜம். துருமாற்றி என்று வரும் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். அது துருவோடு சேர்ந்து கறுப்பான, நிலையான ஒரு படலமாக மாறும். தகட்டோடு ஒட்டிய மெல்லிய துருவுக்கு அது வேலை செய்யும். செதில் செதிலாக எழும்பிய துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும். அடியில் துரு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எந்த வழியானாலும் முதலில் கம்பி பிரஷ், அப்புறம் 80, 120 உப்புத்தாள்.

எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். துரு எடுத்த இரும்பை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். இரும்பின் குழிகளில் உப்பு தங்கியிருந்தால் பெயிண்ட் வழியாக ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். கழுவியதும் துடைத்து வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ராத்திரி விட்டால் காலையில் தகடு மஞ்சளாகிவிடும்.

பீரோவின் கால் பக்கம் துருவை எடுக்க எடுக்க ஓட்டை விழுந்தால் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள். பட்டியால் அடைத்தால் நிற்காது.

6. பீரோ கதவுல சாமி ஸ்டிக்கர், மஞ்சள் குங்குமம் எல்லாம் இருக்கு. தேய்ச்சா போயிடுமா?

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எண்ணெயையும் குங்குமத்தையும் கீறல்களுக்குள் தள்ளிவிடுவீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை படும் இடம், பொட்டு வைத்த இடம் இரண்டையும் தனியாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும். பசையைப் போக்க மண்ணெண்ணெய் தொட்டால், பிறகு சோப்புத் தண்ணீராலும் கடைசியாகத் தின்னர் துணியாலும் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தானே ஓர் எண்ணெய்ப் பூச்சை விட்டுவிட்டுப் போகும். துணியைத் திருப்பித் திருப்பிப் பிடியுங்கள். ஒரே பக்கத்தால் துடைத்தால் குங்குமச் சாயம் கதவு முழுக்கப் பரவும்.

7. ப்ரைமர் கட்டாயமா? செவப்பு ப்ரைமர் போதுமா?

இரும்பு தெரியும் இடத்திலெல்லாம் கட்டாயம். வீட்டுக்குள் இருக்கும் பீரோ, கட்டிலுக்கு ரெட் ஆக்சைடு போதும். மொட்டைமாடி ஊஞ்சல், தோட்டத்து நாற்காலி என்றால் ஜிங்க் பாஸ்பேட் அல்லது எபாக்ஸி ப்ரைமர் போடுங்கள். காசு கூட, ஆனால் கடல்காற்றைத் தாங்கும். வெள்ளை, கிரீம் மாதிரி வெளிர்நிறம் அடிப்பதாக இருந்தால் சாம்பல் ப்ரைமர் வாங்குங்கள். சிவப்பை மறைக்க ஒரு கோட் கூடுதலாகப் போகும்.

ப்ரைமரோடு மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். ரெட் ஆக்சைடு தனியாக ஈரத்தைத் தடுக்காது.

8. கதவுல சொட்டை விழுந்திருக்கு. பட்டி பார்க்கலாமா?

பார்க்கலாம். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாக பட்டியை வெறும் இரும்பின் மேலோ எபாக்ஸி ப்ரைமரின் மேலோ போடுங்கள். ரெட் ஆக்சைடு மேல் போட்டால் பிடிப்பு போய்விடும். கீறல், குழி மாதிரிச் சின்னச் சின்ன விஷயத்துக்கு என்.சி. பட்டி, மெல்லிசாக. பட்டி பார்த்த இடத்துக்கு மறுபடி ப்ரைமர் அடிக்காமல் விட்டால் அங்கே மட்டும் பெயிண்ட் உறிஞ்சி மங்கலாகத் தெரியும்.

9. இனாமலா, என்.சி.யா, பி.யூ.வா?

முதல் தடவை அடிப்பவருக்கு இனாமல். மெதுவாகக் காயும், அதனால் துளிகள் தாமே ஒன்றுசேர்ந்து சமமாகும், தவறு மன்னிக்கும். காய்வதற்குள் தூசியும் கொசுவும் ஒட்டும் என்பதுதான் தொல்லை. என்.சி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடுமளவுக்குக் காயும், தூசி ஒட்டாது. ஆனால் கம்ப்ரசர் வேண்டும், ஈரக்காற்றில் வெளுக்கும், நெடுநாள் உழைக்கவும் செய்யாது.

பி.யூ. மூன்றிலும் உறுதியானது. அதை வீட்டில் அடிக்க நான் சொல்ல மாட்டேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரேயில் அது மூச்சோடு போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு வாடைகூட ஒத்துக்கொள்ளாது. கடையில் தொங்கும் துணி மாஸ்க் அதற்கு ஒரு தடையே இல்லை.

10. தின்னர் எவ்வளவு கலக்கறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு டப்பாவும் வேறு, வெயிலும் வேறு. இனாமலுக்கு லிட்டருக்கு 150 மில்லி மினரல் டர்பன்டைனில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குச்சியை முக்கித் தூக்கினால் அறுபடாமல் நூலாக ஓடி, பிறகு சொட்ட வேண்டும். தூக்கியதுமே சொட்டுச் சொட்டாக விழுந்தால் கெட்டி. துல்லியம் வேண்டுமென்றால் பி-4 கப் வாங்குங்கள், பெயிண்டின் கெட்டியை அளக்க அடியில் ஓட்டை வைத்த கப் அது. ஓட்டையை விரலால் அடைத்து விளிம்பு வரை ஊற்றி, விரலை எடுத்தால் 20 முதல் 25 விநாடிக்குள் ஒழுக்கு அறுபட வேண்டும்.

கலந்ததை நைலான் சல்லடைத் துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், பளபளப்பும் செத்துவிடும். பெட்ரோல் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கடையில் பெயிண்டே கொடுப்பதில்லை.

11. அடிச்சா வடியுது. வடியக் கூடாதுன்னு தள்ளி அடிச்சா சொரசொரன்னு இருக்கு. என்ன பண்றது?

தூரம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஆறிலிருந்து எட்டு அங்குலம். கன் பரப்புக்கு நேராக, ஒரே தூரத்தில் போக வேண்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் தூளாகவும் விழும். தோளோடு கையை நகர்த்துங்கள். கதவின் ஓரத்துக்கு வெளியிலேயே விசையை அழுத்தி, மறு ஓரம் தாண்டிய பிறகு விடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும்.

முதலில் பனித்தூவலாக ஒரு கோட், அடியில் இருப்பது மறையாவிட்டாலும் பரவாயில்லை. அது லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும், ஈரமாகப் பளபளக்கும்படி அடுத்த கோட். வடிவது பெரும்பாலும் முதல் கோட்டிலேயே எல்லாவற்றையும் மூடப் பார்ப்பதால்தான். கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றிப் படுக்கப் போட்டு அடியுங்கள். முடியாவிட்டால் பீரோவையே மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

வடிந்ததை ஈரத்தில் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் 320 வாட்டர் பேப்பரில் சமமாக்கி மறுபடி ஒரு கோட் அடித்தால் தெரியாது. ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தால் பெயிண்ட் கெட்டி அல்லது காற்று குறைவு என்று அர்த்தம். 10-வது பதிலுக்குப் போங்கள்.

12. ரெண்டாவது கோட் அடிச்சதும் மொத்தமும் சுருங்கிப் போச்சு. பெயிண்ட் டூப்ளிகேட்டா?

பெயிண்ட் மேல் பழி போட வேண்டாம். இதற்கு இரண்டு காரணங்கள்தான். ஒன்று, பழைய இனாமல் மேல் என்.சி. அடித்தது. என்.சி. தின்னர் கடுமையானது, அடியிலுள்ள இனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். என்.சி. மேல் இனாமல் அடிக்கலாம், இனாமல் மேல் என்.சி. கூடாது. அதற்குத்தான் 4-வது கேள்வியில் தின்னர் துணி.

இரண்டாவது, இனாமல் மேல் இனாமலே அடித்தாலும் கெட்ட நேரத்தில் அடித்தது. மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்போது புதிய தின்னர் பட்டால் சுருங்கும். ஒன்று, பிசுபிசுப்பு இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் முழுதாக ஒரு நாள், ஈரக்காலத்தில் இரண்டு நாள் விட்டு, லேசாகத் தேய்த்து அடிக்க வேண்டும். சாயங்காலம் முதல் கோட், காலையில் எழுந்ததும் அடுத்தது என்பதுதான் மாட்டிவிடும். சுருங்கியதை முழுக்கச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

13. எந்த மாசத்துல அடிச்சா நல்லது?

மாசி, பங்குனி. எல்லோரும் வருவதோ பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் மார்கழியில். பகலில் வெயில் இருக்கிறதே என்று சாயங்காலம் வரை அடிப்பார்கள். ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கித் தகட்டில் பூத்து, பளபளப்பு முழுக்க மங்கிவிடும். காற்றை விட இரும்பு சீக்கிரம் குளிரும். மார்கழியில் அடித்தே ஆக வேண்டுமென்றால் பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து இரண்டு மணிக்குள் முடித்து, இரவில் உள்ளே தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டவே வேண்டாம்.

என்.சி. அடித்து வெள்ளை பூத்தது என்றால் அதுவும் ஈரம்தான்: தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ரிடார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாகும் வகை) கொஞ்சம் கலந்து மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் தெளியும். சித்திரை வெயிலில் நேரெதிர்ச் சிக்கல்: தகடு சுடும், பெயிண்ட் விழும் முன்பே காயும். நிழலில் அடியுங்கள்.

14. எவ்வளவு தேய்ச்சாலும் அங்கங்க குட்டிக் குட்டிக் குழி விழுது. பெயிண்ட் ஒதுங்கி ஒதுங்கிப் போகுது.

எண்ணெய் அல்லது சிலிகான். முதலில் 6-வது பதிலில் சொன்னபடி கழுவினீர்களா என்று பாருங்கள். அடுத்து, பூட்டுக்கும் கீலுக்கும் அடித்த மசகு ஸ்ப்ரே. பெயிண்ட் வேலை முடியும் வரை அந்தப் பக்கமே அதைத் திறக்கக்கூடாது. கம்ப்ரசர் என்றால் டாங்கில் சேர்ந்த எண்ணெயும் தண்ணீரும் குழாய் வழியாக வரலாம். அடியிலுள்ள வால்வைத் திறந்து வடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் பழைய பெயிண்டைச் சாய்வாக வெளிச்சம் படும்படி பாருங்கள். சுத்தியலால் தட்டியதுபோல் குழிகுழியாக டிசைன் இருந்தால் அது ஹேமர்டோன். பழைய ஆபீஸ் பீரோ, மெஷின்களில் சாம்பலிலும் பச்சையிலும் நிறையப் பார்க்கலாம். அந்த டிசைன் வருவதற்கே சிலிகான் கலப்பார்கள். அதைத் தேய்த்துச் சமாளிக்கப் பார்ப்பதை விட, பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுத்துவிடுவதே மேல். இல்லையென்றால் மறுபடி ஹேமர்டோனே அடியுங்கள். பழைய பீரோவுக்கு அது எடுப்பாகத்தான் இருக்கும்.

15. ஜி.ஐ. பைப் ஊஞ்சலுக்கு நல்ல இனாமல்தான் அடிச்சேன். பட்டை பட்டையா உரியுது.

இனாமல் நல்லதுதான், இடம்தான் தப்பு. ஜி.ஐ. மேல் இருப்பது துத்தநாகம். இனாமலின் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் துத்தநாகத்தோடு சேர்ந்து, ஒட்டும் இடத்தில் சோப்பாக மாறும். அப்புறம் பிடிப்பு எங்கே இருக்கும்? முழுக்க எடுத்துவிட்டு, எட்ச் ப்ரைமரோ (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் வகை) ஜி.ஐ.க்கு என்றே வரும் எபாக்ஸி ப்ரைமரோ அடித்து, அதன் மேல் இனாமல் அடியுங்கள். குரோம் பூசிய மடக்கு நாற்காலியும் கிட்டத்தட்ட இதே கதை. குரோம் நன்றாக இருந்தால் துடைத்துப் பயன்படுத்துங்கள், பெயிண்டை விட அது நெடுநாள் வரும்.

16. அபார்ட்மென்ட் பால்கனியில அடிக்கலாமா?

வேண்டாம். இனாமல் தூவல் ஈரமாகவே தூரம் போகும். கீழே நிற்கும் கார் மேல் படிந்தால் உங்கள் பீரோவை விடச் செலவு அதிகம். மொட்டைமாடியில், பழைய தார்ப்பாயால் மூன்று பக்கம் மறைத்து, காற்று குறைவான காலையில் அடியுங்கள். ஆர்கானிக் வேப்பர் என்று போட்ட கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள். வெள்ளை தூசி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. பூஜை விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. இனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

17. இவ்வளவு பாடு எதுக்கு, பவுடர் கோட்டிங் கொடுத்திடவா?

மொட்டைமாடி நாற்காலி, ஊஞ்சல் என்றால் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. பழையதை முழுக்க எடுத்து, பவுடர் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். பீரோ என்றால் யோசிக்க வேண்டும்: அவர்கள் அடுப்புக்குள் அது நுழைய வேண்டும், கண்ணாடி, ரப்பர், பூட்டு எல்லாம் கழற்ற வேண்டும், முன்பு பார்த்த சாதாரண பட்டி அந்தச் சூட்டில் வெடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் அட்வான்ஸ் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

18. ஒரு பீரோவுக்கு எத்தனை லிட்டர்?

ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோவின் வெளிப்பக்கம் மட்டும் சுமார் 63 சதுர அடி. காற்றில் போவதையும் சேர்த்து இரண்டு கோட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். உள்ளேயும் அடித்தால் அதே அளவு இன்னொரு பங்கு. கலர் கலந்து வாங்குவதாக இருந்தால் மொத்தமாக ஒரே தடவை வாங்குங்கள். அடுத்த தடவை கலக்கும்போது ஒரு சாயல் மாறலாம்.

19. எத்தனை நாள் கழிச்சுத் துணி அடுக்கலாம்?

கையில் ஒட்டாமல் இருப்பது ஒரே நாளில் வந்துவிடும். அதை நம்பி அடுக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்; உள்ளேயும் அடித்திருந்தால் இன்னும் கூட. பட்டுப்புடவையில் பெயிண்ட் வாடை ஏறினால் எளிதில் போகாது. முதல் மாதம் தட்டுகளில் பேப்பர் விரித்து அடுக்குங்கள். கதவை இறுக்கிப் பூட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். இனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகும். பூட்டி வைத்தால் உள்ளே பச்சையாகவே இருந்து, கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்.